கருவாட்டுத் தராசில் நிறை பார்த்த பிள்ளை

மகன்,

அல்லாஹ்வின் அமைதி உன்மீது இருக்கட்டும். கோபத்தோடு எழுதும் கடிதத்தையும் ஸலாம் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்று என் உம்மா பழக்கியிருக்கிறா, அதனால் சொல்லிவிட்டேன். இனிக் கோபத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கத்தாரிலிருந்து நீ கோல் எடுத்தாய். முசலிக் கரையில் நாங்கள் திரும்பி வந்து குடியேறிய ஊரில், பள்ளிவாசலுக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஏறினால்தான் போன் வேலை செய்யும் என்பது உனக்குத் தெரியும். அங்கே எந்நேரமும் நாலு பேர் நிற்பார்கள். ஒரு காது அவரவர் போனில், மற்றக் காது எங்கள் பக்கம். அந்த இடத்தில் வைத்து நீ கேட்டாய், "உம்மா, நஸ்ரினைப் பட்டினி போடுறீங்களாமே, உண்மையா?" என்று. நிறைமாத வயிற்றோடு உன் மனைவி என் பக்கத்தில்தான் நின்றாள். நான் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். வாயில் வந்ததை அங்கேயே சொல்லியிருந்தால் ஊருக்கு ஒரு மாதத்துக்குப் பொழுது போயிருக்கும்.

இப்போது நாங்கள் ஊரில் இல்லை. மன்னாரில், உப்புக்குளத்தில், என் சாச்சியின் மகள் வீட்டில் இருக்கிறோம். இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். நாளைக் காலையில் நஸ்ரினை வார்ட்டில் நிற்பாட்டப் போகிறோம். பிள்ளை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம், மருந்து வைத்து எடுத்துவிடுவோம், சரிவராவிட்டால் ஒப்பரேஷன் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அவள் உள்ளே சரிந்து படுத்திருக்கிறாள். நான் முன் அறையில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, மகன். உன் வாப்பா மௌத்தானபோதும், இயக்கம் எங்கள் சனம் எல்லோரையும் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறியபோதும் கூட நான் இப்படிப் பயந்ததாக நினைவில்லை. அப்போது என்ன நடக்கிறதென்று தெரியாமல் பயந்தேன். இப்போது என்ன நடக்கக்கூடும் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டு பயப்படுகிறேன்.

இவளுக்குக் கொஞ்சம் சீனி இருக்கிறது என்று மட்டும்தான் உனக்குச் சொல்லியிருந்தோம். தனியாக ஓர் அறையில் கிடந்து நீ யோசிப்பாய் என்று மிச்சத்தை மறைத்தோம். நடந்தது இதுதான். ஆறாம் மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய அறையில் கிளினிக் நடந்தபோது, இவளுக்கு இனிப்புத் தண்ணீர் ஒன்றைக் குடிக்கக் கொடுத்து இரத்தம் எடுத்தார்கள். "கல்யாண வீட்டுச் சர்பத் மாதிரி இருந்திச்சு மாமி" என்று சிரித்துக்கொண்டு வந்தாள். அடுத்த முறை போனபோது மிட்வைப் பிள்ளை என்னை உள்ளே கூப்பிட்டாள். ஓலைத்தொடுவாயிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண், வேதக்காரப் பிள்ளை, வயது உன்னைவிடக் குறைவாகத்தான் இருக்கும். "அம்மா, இருங்கோ. இவவுக்குக் கர்ப்ப காலத்தில வாற சீனி வருத்தம். பயப்பிட வேணாம். ஆனா விளையாட்டா எடுக்கவும் வேணாம்" என்றாள்.

தாயின் இரத்தத்தில் சீனி கூடினால் அது பிள்ளைக்கும் போகுமாம். பிள்ளை அதைத் தின்று தின்று கொழுக்குமாம். பிறக்கும்போது தலை வந்துவிடும், தோள் வராமல் சிக்கும். பிறந்த பிறகு பிள்ளையின் சீனி திடீரென்று இறங்கும். "சில பிள்ளையள் கடைசி நாளையில வயித்துக்குள்ளயே..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து அவள் நிறுத்திவிட்டாள். என் நினைப்பு தோளிலேயே நின்றது. "தோள் சிக்கினா என்ன செய்வாங்க மகள்?" என்று கேட்டேன். "இழுத்துத்தான் எடுக்க வேணும். அப்ப கழுத்து நரம்பு இழுபட்டா, கை தூக்க மாட்டாது." "எந்தக் கை?" என்று நான் கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எந்தக் கையும்தான் அம்மா" என்றாள்.

உன் இடது கையைத்தான் நினைத்தேன். சின்ன வயதில் ஒருநாள், புத்தளத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்து கேட்டாய், "உம்மா, ஏன் என்ர கை தோளுக்கு மேல போகுதில்ல?" என்று. அல்லாஹ் தந்தது மகன் என்றேன். அது பொய்யில்லை, எனக்கு அதற்கு மேல் தெரியாது. நீ பிறந்தது ஊரில், இடம்பெயர்வதற்கு முன்பு. வாப்பாவுக்குக் கருவாட்டு யாவாரம் நன்றாக நடந்த காலம். வலி எடுத்து ஒரு பகல் முழுதும் நீ வரவில்லை. தலை தெரிந்த பிறகும் வரவில்லை. மருத்துவிச்சி காலை உதைத்துக்கொண்டு இழுத்தாள் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவு தப்பியிருந்தது. நான் கண் விழித்தபோது வாசலில் சிரிப்புச் சத்தம். உன் வாப்பா பூவரச மரத்தில் தொங்கிய கருவாட்டுத் தராசைக் கழுவித் துடைத்து, என் புதுச் சீலையை அதில் விரித்து, உன்னைக் கிடத்தி நிறை பார்த்துக்கொண்டிருக்கிறார். பத்து றாத்தலுக்கு மேலே. "இது பிள்ளையா, சுறாக்குட்டியா?" என்று யாரோ கேட்க, அவருக்கு நெஞ்சு இரண்டு முழம் விரிந்தது. ஏழாம் நாள் தலைமுடி இறக்கி, முடியின் நிறைக்கு வெள்ளி தர்மம் கொடுக்கும்போது, "நல்லவேளை முடிக்குத்தான் குடுக்கச் சொல்லியிருக்கு, ஆளின்ர நிறைக்கெண்டா நான் வள்ளத்தை விக்க வேணும்" என்றார். ஊர் முழுக்க உன் நிறையைத்தான் பேசியது. சீலைக்குள்ளே உன் இடது கை அசையாமல் கிடந்ததை எத்தனையோ நாள் கழித்துத்தான் நான் கண்டேன்.

எண்ணெய் போட்டு நீவி நீவிப் பாதி கை திரும்பி வந்தது. மிச்சம் வரவில்லை. அந்தக் கையோடுதான் நீ வலை இழுத்தாய், வீடு கட்டினாய், இப்போது கத்தாரில் ஸ்டோரில் பெட்டி தூக்குகிறாய். உன் கையைப் பற்றி நான் கவலைப்பட்டதை விடப் பெருமைப்பட்டதுதான் கூட. ஆனால் அன்றைக்குக் கிளினிக்கிலிருந்து வரும் வழியில், பற்றை வெட்டிய காணிகளுக்கு நடுவில், நஸ்ரின் முன்னால் நடக்க நான் பின்னால் அவள் வயிற்றையே நினைத்துக்கொண்டு நடந்தேன். அவள் வழியில் கண்ட பெண்ணிடம் நின்று, "பிள்ளை நல்ல வளர்த்தியாம்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அந்தப் பெண்ணும் "மாஷா அல்லாஹ்" என்றாள். பல வருஷம் புத்தளத்து முகாமில் சோற்றை எண்ணித் தின்ற சனம் நாங்கள். கொழுத்த பிள்ளை என்றால் எங்களுக்குப் பரக்கத். அதைக் கேட்டுப் பயந்தவள் அந்த ஊரில் நான் ஒருத்திதான்.

எனக்கு வந்த சீனி வருத்தத்துக்கு என்று நீ அனுப்பிய மெஷின் அன்றிலிருந்து அவளுடையதானது. விடிய வெறும் வயிற்றில் ஒருமுறை, சாப்பிட்ட பிறகு மறுபடி, விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம். நான் என்னுடையதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன், இரத்தச் சொட்டு வைக்கிற பட்டிகள் அவளுக்குப் போத வேண்டுமே. பட்டினி என்றாயே, அவள் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டுக்கொள். சிவப்பரிசிச் சோறு, அளவாக. மீன், அளவில்லாமல். முருங்கையிலை, வல்லாரை, அவித்த முட்டை. பாணும் சீனியும் இல்லை. பனங்கட்டிக்கு மட்டும் ஒரு சண்டை நடந்தது. இந்தக் கரையில் பனங்கட்டியை யாரும் இனிப்பாகவே எண்ணுவதில்லையே. "அது மரத்தில இருந்து வாறது மாமி, சீனியா?" என்றாள். நானும் என் வருத்தத்துக்கு அப்படித்தான் சொல்லித் தின்றுகொண்டிருந்தேன். ஒரு துண்டைக் கடித்துப் பிளேன்டீ குடித்துவிட்டு விரலில் குத்திப் பார்த்தோம். பிறகு இரண்டு பேருமாக மிச்சத்தைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் கொடுத்தோம். அதெல்லாம் நல்ல நாட்கள். ஒரே ஒரு பிழை என்னிடம் இருந்தது. எண் கூடிவிட்டால் நான் அழுவேன். அவளைத் திட்டியதில்லை, ஆனால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன். அதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் மாதம் உன் மாமி புத்தளத்திலிருந்து ஒரு வாடகை வானில் சனத்தோடு வந்தா. மகள் நஸ்ரினைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போகத்தான் வந்தது. தலைப்பிள்ளை தாய் வீட்டில்தானே. ஆள் இல்லாவிட்டால் காணிப் பதிவு போய்விடும் என்று நீதான் இவளை என்னோடு இருக்க வைத்தாய், ஆகவே மகளைப் பிரிந்திருக்கிற வருத்தம் ஏற்கெனவே அந்த மனுஷிக்கு உண்டு. வானிலிருந்து முதலில் இறங்கியது வட்டிலப்பம். பிறகு தொதல், மஸ்கட், இன்னும் என்னென்னவோ இனிப்புகள். எல்லோரும் சுற்றி இருக்க, உன் மாமி வட்டிலப்பத்தை வெட்டி மகளின் வாய்க்குக் கொண்டு போனா. நான் குறுக்கே கையை வைத்துத் தட்டை மூடிவிட்டேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். சம்மந்தி தட்டை மூடினால் அது என்ன குடமோ தெரியவில்லை, அன்றைக்கு வீடே உடைந்தது.

"புள்ளத்தாச்சி ஆசைப்பட்டதைக் குடுக்காட்டி பிள்ளைக்கு வீணீர் வடியும்" என்று ஒருத்தி சொன்னாள். "வடியட்டும், துடைச்சு விடுறன்" என்றேன். அதற்கு எல்லோரும் சிரித்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். உன் மாமி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து அழுதுகொண்டு சொன்னா: "மச்சி, இவள் முகாமில பிறந்தவள். பால்மா வாங்க வழியில்லாமக் கஞ்சித்தண்ணி குடுத்து வளர்த்தனான். அப்ப தின்ன இல்ல. இப்ப இருக்கக்குள்ள நீங்க தடுக்கிறீங்க." நானும் அதே முகாமில் இருந்தவள்தான். மிட்வைப் பிள்ளை சொன்னதையெல்லாம் சொன்னேன். ஆனால் பசித்த காலத்தைச் சொல்லி ஒருத்தி அழும்போது, சீனிக் கணக்கு யார் காதில் ஏறும்? வான் திரும்பிப் போனபோது அந்தக் கதையும் அதில் ஏறிப் போனது. புத்தளம், கொழும்பு எல்லாம் சுற்றி, அது உன் காதுக்கு வந்து சேர இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

நஸ்ரின் தாயோடு போகவில்லை. மன்னார் ஆஸ்பத்திரியில் பதிந்திருப்பதால் இங்கேயே இருக்கிறேன் என்றுவிட்டாள். அதனால் உன் மாமி அவளுடைய தங்கை ரிஸ்னாவைத் துணைக்கு விட்டுவிட்டுப் போனா. துணைக்கா, எனக்குக் காவலுக்கா என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அதிசயமாக எண்கள் எல்லாம் இறங்கத் தொடங்கின. சகோதரிகள் இரண்டு பேரும் அறைக்குள் போய்க் குத்திப் பார்த்துவிட்டு, மெஷினைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் அழகான எண். நான் தரையிலேயே விழுந்து ஸுஜூது செய்தேன். கிளினிக்கில் அதைக் காட்டியபோது மிட்வைப் பிள்ளையும் மகிழ்ந்தாள். பிறகு மன்னாருக்கு ஸ்கேன் எடுக்கப் போனோம். டொக்டர் திரையைப் பார்த்தார், நாங்கள் கொண்டுபோன எண்களைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "பிள்ளை நாளுக்கு மீறி வளந்திருக்கு, உள்ளுக்குத் தண்ணியும் கூடியிருக்கு. இந்த நம்பருக்கும் இந்த வயித்துக்கும் பொருந்தேல்லையே" என்றார். மெஷின் பிழையாக இருக்கலாம் என்றார். நஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

அந்தக் கிழமையே ஒரு பகல், மூன்று பேரும் கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தோம். வாடை போக உப்புப் போட்டுத் தேசிக்காய் பிழிந்து பிரட்ட வேண்டும். நஸ்ரின் தேசிக்காயைப் பிழிந்தாள், வெறும் கையால், தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டு. ரிஸ்னா மீனைத் தொட்டதும் "ஆ!" என்று கையை உதறினாள். விரல் நுனியெல்லாம் எரிகிறதாம். குத்துப்பட்ட விரலில் தேசிக்காயும் உப்பும் பட்டால் எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். நான் ரிஸ்னாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். பிறகு நஸ்ரினின் கையைப் பார்த்தேன். இவள் விரல்களில் ஒரு குத்தும் இல்லை. பிள்ளையைச் சுமந்தவள் ஒருத்தி, இரத்தம் கொடுத்தவள் இன்னொருத்தி. இத்தனை நாளாக நான் ஸுஜூது செய்தது ஒரு கல்யாணமாகாத பெண்ணின் இரத்தத்துக்கு.

எனக்கு வந்த கோபத்தில் கத்தியைத் தூக்கி எறிந்தேன், மீன் கழுவிய சட்டி உருண்டு போனது. "உன்ர பிள்ளையை நீயே ஏமாத்துறியா?" என்று கத்தினேன். நஸ்ரின் அந்தச் சேற்றிலேயே இருந்துவிட்டாள். "மாமி, நம்பர் கூடினா நீங்க அழுறீங்க. எனக்கு அதைப் பாக்க ஏலாது" என்றாள். "நான் சாப்பாட்டில களவு செய்யல்ல மாமி. உம்மா தந்திட்டுப் போனதையும் தொடல்ல. நீங்க தந்ததை மட்டும்தான் திண்டன். அப்பிடியிருந்தும் கூடிச்சு. நான் என்ன செய்ய?" அந்தப் பேச்சைக் கேட்டு என் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. அவள் வட்டிலப்பத்தை ஒளித்துத் தின்றிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் சீனி ஏறியிருக்கிறது, அதைச் சொல்லப் பயந்து ஒளித்திருக்கிறாள், உள்ளே பிள்ளை தன்பாட்டில் கொழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. பயந்தவளைப் பயமுறுத்தியது என் கண்ணீர்தான்.

அன்றைக்குக் கிணற்றடியிலேயே அவளுக்கு உன் கையைப் பற்றிச் சொன்னேன். பிறகு உன் தங்கச்சியைப் பற்றிச் சொன்னேன். உனக்கு ஒரு தங்கச்சி சுவர்க்கத்தில் இருக்கிறாள் என்று மட்டும்தான் நீ அறிவாய். இப்போது முழுவதையும் கேள். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தபோது அவள் வயிற்றில் இருந்தாள். எனக்கு எந்நேரமும் தண்ணீர் விடாய். வரிசையில் நின்று பிடித்து வந்த குடத்தை நானே குடித்து முடித்துவிடுவேன். சலம் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. அது என்ன அடையாளம் என்று சொல்ல அங்கே யாரும் இருக்கவில்லை. வயிறு பெரிதாக இருந்தது, எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். கடைசியில் ஒருநாள் துடிப்பு இல்லை. ஆஸ்பத்திரியில் பிறந்தாள். மகன், நான் பெற்றதிலேயே வடிவான பிள்ளை அவள்தான். கொழுத்த கன்னம், தலை நிறைய முடி, கையிலும் காலிலும் மடிப்பு. மூச்சு மட்டும் இல்லை.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள், "என்ன திண்டாய்?" என்று. அன்னாசி தின்றாயா, பப்பாசி தின்றாயா, ஒடியல் தின்றாயா. உன் வாப்பாவும் கேட்டார், ஒரே ஒரு தரம், ஆட்கள் இருக்கும்போது. அவர் நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பதறிப்போய்க் கேட்டார். ஆனால் அதற்குப் பிறகு, நான் அந்த மாதங்களில் தின்ற ஒவ்வொரு கவளத்தையும் அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பல வருஷம் நாலு பேர் முன்னால் சோறு தின்ன எனக்குக் கை வரவில்லை. நான் எதையும் பிழையாகத் தின்னவில்லை என்பது எனக்கு இந்தக் கிளினிக்கில்தான் தெரிந்தது. அதை உன் வாப்பாவிடம் சொல்ல, அவரும் இப்போது உயிரோடு இல்லை.

நஸ்ரின் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மீன்கையைக் கழுவி, உள்ளே போய் மெஷினை எடுத்து வந்தாள். என் முன்னால் தன் விரலில் தானே குத்தினாள். எண் கூடித்தான் இருந்தது. நான் அழவில்லை. "சரி மகள், நாளைக்கு மிட்வைப்பிட்ட போவம்" என்றேன். அடுத்த நாள் அங்கேயே உண்மையைச் சொன்னோம். அந்தப் பிள்ளை திட்டவில்லை. டொக்டர் இன்சுலின் எழுதினார். சாப்பாட்டால் மட்டும் எல்லோருக்கும் அடங்காது, அது இவளுடைய குற்றம் இல்லை என்று அவர் சொன்னதை நான் வாசல் வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்துத் தானே ஊசி போட்டுக்கொள்கிறாள். ஒருநாள் ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடப் பிந்தியதால் சீனி இறங்கி, வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. இந்த வீட்டிலிருந்து சீனியைத் துரத்தியவள் நான், அடுத்த வீட்டுக்கு ஓடிச் சீனி கேட்டு வாங்கி வந்து கரைத்துப் பருக்கினேன். ஊர் அதையும் பார்த்தது. மாமியாருக்கு விசர் என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

உன் மாமிக்கு மேட்டில் ஏறி நானே கோல் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன், உன் தங்கச்சியின் கதை உட்பட. குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு, "மச்சி, நான் கொண்டு வந்ததில அவள் ஒண்டும் திண்டாளா?" என்று கேட்டா. இல்லை என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றா. நாளைக்கு முதல் பஸ்ஸில் வருகிறா.

இப்போது எண்கள் முன்னைவிட நன்றாக இருக்கின்றன. பிள்ளை பெரிதுதான், ஆனால் வளர்ச்சி கொஞ்சம் அடங்கியிருக்கிறது என்றார் டொக்டர். பிறந்ததும் பிள்ளையின் குதிக்காலில் குத்திச் சீனி பார்ப்பார்களாம். தேவையென்றால் குழந்தைகள் வார்ட்டில் வைத்திருப்பார்களாம். அதைக் கேட்டு நீ பயப்படாதே, அது நல்லதுக்குத்தான். ஆனால் இன்று காலையில் மறுபடி எண் கூடியிருந்தது. நஸ்ரின் ஒளிக்காமல் கொண்டுவந்து காட்டினாள். "பயமா மாமி?" என்றாள். "இல்ல மகள்" என்றேன். "பொய் சொல்றீங்க" என்றாள். "ஓம்" என்றேன். பிறகு இரண்டு பேரும் இருந்து சாப்பிட்டோம். மத்தியானம் அவள் வயிற்றில் கையை வைத்துத் துடிப்பு வரும்வரை எடுக்காமல் இருந்தேன். வந்தது. அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்திமதி பெரிதாக ஒன்றும் இல்லை. நீ நல்ல பிள்ளை. தாயைக் கேள்வி கேட்டதும் பெண்சாதி மேலுள்ள இரக்கத்தில்தான், அது எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம்கூட. தூரத்தில் இருக்கிறவனுக்குக் கேள்விப்பட்டதுதான் கண். அதனால் கோல் எடுக்கும்போது முதலில் அவளிடம் அன்றைய எண்ணைக் கேட்டிருக்க வேண்டும் நீ. அது கூடியிருந்தாலும் "சரி, பாப்பம்" என்று சாதாரணமாகச் சொல்லப் பழகியிருக்க வேண்டும். நானே அதைக் கடைசியில்தான் பழகினேன். பிள்ளைக்குப் பிறகும் இவளுக்கு இந்த வருத்தம் திரும்பி வரலாமாம், என்னைப் போல. அப்போதாவது நீ பக்கத்தில் இரு.

இந்தக் கடிதத்தை உன்னிடம் கொண்டுவரப் போகிற உன் கூட்டாளி வாசலில் வந்து நிற்கிறான், முடிக்க வேண்டும். அவன் கொழும்பில் நின்று, அங்கிருந்து பிளேன் ஏறி, உன்னிடம் வந்து சேர்வதற்குள் இங்கே எல்லாம் நடந்து முடிந்திருக்கும். நீ இதை வாசிக்கும்போது உனக்கு முடிவு தெரியும். எழுதுகிற எனக்குத் தெரியாது. நல்லபடி முடிந்திருந்தால் இந்தக் கிழவியின் பயத்தைப் பார்த்துச் சிரி, எனக்கும் சேர்த்துச் சிரி. வேறு மாதிரி ஏதும் நடந்திருந்தால், மகன், நீ பதறிப் போவாய், வாயில் ஒரு கேள்வி வரும். அதை அவளிடம் கேட்காதே. என்ன தின்றாய் என்று அவளிடம் ஒரு தரம்கூடக் கேட்காதே. கேட்டே ஆக வேண்டும் என்றால் என்னிடம் கேள். அவளுக்குச் சோறு போட்டவள் நான்.

உன் உம்மா